பாதியில் நின்ற வாசகம்

ஞாயிறு பூசையில், வேதாகமத்திலிருந்து படிக்கும் முதல் வாசகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, முடிந்துவிட்டதுபோல் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்லிவிட்டார் கவுன்சிலர். பழக்க தோஷம், சபையும் நன்றி சொல்லிவிட்டது. பாடகர் குழுவோ இன்னும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் பதிலுரைப் பாடலை எடுக்க, மீதிப் பேர் நற்செய்திக்கு முன் பாடும் அல்லேலூயாவுக்குத் தாவினார்கள். நற்செய்தி வந்துவிட்டதென்று எழுந்த ஃபாதர் உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். பின் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

கவுன்சிலருக்கு 'மைக்செட்' என்று பட்டப்பெயர். தொண்டை அப்படி. அந்தத் தொண்டைதான் அன்று கைவிட்டது. ஏழைகளை மிதிப்பவர்களை இறைவாக்கினர் உலுக்கி எடுக்கும் பகுதி அது. இரண்டு வாக்கியம் ஓடியது. மூன்றாவதில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை நகர மன்றத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த இரவுக் காப்பகத்தை மூடிவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டலாம் என்ற தீர்மானத்துக்கு அவர் கை தூக்கியிருந்தார். கட்சித் தலைவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கை தானாக மேலே போய்விட்டது. வீரம் இல்லாத கைகளுக்கு இந்த ஒரு வேலை மட்டும் சுறுசுறுப்பாக வரும்.

காப்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய சொந்த அக்கா. அன்று அவள் பூசைக்கு வரவில்லை.

பூசை முடிந்ததும் ஃபாதரை ஓரமாக அழைத்து, கை தூக்கியது தப்பா என்று கேட்டார். ஃபாதர் மனசாட்சியைப் பற்றி நிதானமாக, அழகாகப் பேசினார். கடைசியில், கோயில் வாசல் தெருவிளக்கு எரியவில்லை, கொஞ்சம் கவனியுங்கள் என்றார். வாசகம் நின்றது கண் பார்வையால் என்று நினைத்த உபதேசியார் கண்ணாடியை மாற்றச் சொன்னார். மனைவியிடம் கேட்டால், முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றாள். கூட்டாளி போனில், நீ ஒருத்தன் தூக்காமல் இருந்தால் மட்டும் தீர்மானம் தோற்றிருக்குமா என்று ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதல்தான் அதிகம் குத்தியது.

சாப்பிடாமலேயே காப்பகத்துக்குப் போனார். நேற்றே எல்லாரையும் வெளியேற்றியிருந்தார்கள்; சுவரோரமெல்லாம் காலி. அக்கா தனியாகப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் நிமிரவில்லை.

"வாங்க மைக்செட். இன்னிக்கு வாசகத்துல கரண்டு போயிடுச்சாமே?"

சிரிக்க முயன்றார், வரவில்லை. இங்கே படுத்தவர்களுக்கு வேறு இடம் பார்த்துத் தருவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று இழுத்தார். அக்கா கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். தலைவரைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை என்பது அவருக்கே உறைத்தது.

"அக்கா, நான் செஞ்சது தப்பாக்கா?"

"தப்புதான்டா. கை தூக்கும்போதே உனக்குத் தெரியும். கண்ணு தெரியாத ஒரு அம்மா அந்த மூலையில படுப்பாங்க. நேத்து ராத்திரி எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியல."