மேல்மூலையில் மச்சான்

சுவரில் மாட்டிய படம் எப்படியோ, நிலமும் அப்படியே இருக்கும் என்பதால் அந்தப் பக்கத்து விவசாயிகள் தங்கள் காட்டின் வரைபடத்தைக் கெட்டியான ஃபிளெக்ஸில் அடித்து வீட்டில் மாட்டுவார்கள். சென்னியப்பன் கஞ்சத்தனமாகக் காகிதத்திலேயே காலம் தள்ளிவிட்டார். அதைக் கரையான் அரித்துவிட்டது. தெற்கு வரப்பில் ஆறடிக்கு நிலமே இல்லை. தொலைகிறது என்று டவுன் பேனர் கடைக்குப் போனார்.

நாலு ஏக்கர், மஞ்சள் பயிர், தென்னை பதினொன்று, வடகிழக்கு மூலையில் கிணறு என்று எல்லாம் பிசகில்லாமல் வரைந்து கொடுத்தார். அடித்ததை விரித்துப் பார்க்கத்தான் புத்தி இல்லை. சுருளாக வாங்கிவந்து, நாலு ஆணி அறைந்து மாட்டிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். வடகிழக்கு மூலையில், வட்டத்துக்குள், மனைவியின் அண்ணன் பொங்கியண்ணன் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

காட்டுக்கு ஓடினார். அரை ஏக்கருக்கு மச்சானின் முகம் மல்லாந்து கிடந்தது. கிணறு மீசைக்குக் கீழே போய்விட்டது. மோட்டாரைப் போட்டால் உறுமல் மட்டும் வந்தது. மஞ்சள் இலைகள் சுருளத் தொடங்கியிருந்தன. இன்னும் மூன்று நாள் தண்ணீர் காட்டாவிட்டால் ஆறு மாதப் பாடு சருகாகிவிடும்.

கடைக்காரருக்குப் போன் போட்டார். "ஏப்பா, எம்பட மச்சானை எதுக்குப் போட்டே?"

"மூலை வெறிச்சுன்னு இருந்துச்சுங்ணா. உங்க காதுகுத்து பேனர்ல அடிச்ச போட்டோ கம்ப்யூட்டர்ல கெடந்துது. மூலையில ஆள் இல்லாம நாங்க எதையும் அடிக்கறதில்லீங்ணா."

"மொதல்ல அவரை எடுத்துடு."

"எடுத்துடலாமுங். அவருக்குத் தெரிஞ்சா?"

அதுதான் வினை. காதுகுத்து பேனரில் தாய்மாமனான தன் படம் குழந்தையின் சித்தப்பா படத்தைவிடச் சிறியது என்று இரண்டு வருஷம் தங்கை வீட்டு வாசலை மிதிக்காத மனிதர் அவர். போன தையில்தான் மனசு இறங்கி வந்திருந்தார். மனைவி பாவாத்தாளும் சொல்லிவிட்டாள்: "எங்கண்ணனை எடுத்தீங்கன்னா, என்னையும் சேத்து எடுத்துருங்க."

சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு மச்சானின் மீசையிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனார்.

"மச்சான், வாயத் தொறந்து சிரிக்கற மாதிரி ஒரு போட்டோ வேணுமுங்க. கடவாப்பல்லு தெரியோணும்."

பொங்கியண்ணன் சாவகாசமாக வெற்றிலையை மென்று முடித்தார். "சைசு?"

"அதே சைசுதானுங்க."

"அது பத்தாதுங்க மாப்பிள்ளை."

அரை ஏக்கர் முக்கால் ஏக்கரானது. இரண்டு தென்னைகள் காதுக்குள் போயின. போகட்டும். கடைக்குப் போய், இந்தத் தடவை சுருளை மேலிருந்து பாதி வரைக்கும் விரித்து, மச்சானின் பற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிவந்து மாட்டினார். காட்டில் வாய் திறந்தது. மோட்டாரைப் போட்டதும் வெற்றிலை வாசத்தோடு தண்ணீர் பாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் மஞ்சள் நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் காலை தெற்கு வரப்பு நெடுக ஆட்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்நூறு பேர் இருக்கும். சலவை வேட்டி, பட்டுப்புடவை. சென்னியப்பன் வீட்டுக்குத் திரும்பிப் படத்தின் கீழ்ப்பாதியைப் பார்த்தார். அடிவிளிம்பில் கொட்டை எழுத்தில் 'அனைவரும் வருக! வருக!' என்று இருந்தது.

அவர் காட்டுக்கு வந்ததும் முதல் வரிசைப் பெரியவர் கேட்டார்: "எலை எப்பங்க போடுவீங்க?"

பாவாத்தாள் அரிசி மூட்டையைப் பிரித்தாள். சென்னியப்பன் பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டுபோய் மச்சானின் கீழுதட்டில் வைத்து, மோட்டாரைப் போட்டார்.