முன்னால் அமர்ந்தவள்

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா, நேர்ல பேசிக்கலாம்" என்று நித்யஸ்ரீ போனில் சொன்னதை நம்பித்தான் கோமளா காங்கேயத்துக்குப் பஸ் ஏறினாள். மாட்டேன் என்று சொல்வதற்கா ஒருத்தி வீட்டுக்குக் கூப்பிடுவாள் என்பது அவள் கணக்கு. இந்தப் பக்கத்தில் அதற்குத்தான் கூப்பிடுவார்கள், கூப்பிட்டுச் சோறும் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆசை யாரை விட்டது.

இரட்டையர் துடுப்புப் படகில் இருவரும் தேசியத் தங்கம் வாங்கியவர்கள். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால் உட்கார்ந்து வலிக்க வேண்டும். அத்தனை வருடமும் கோமளா பார்த்தது நித்யஸ்ரீயின் முதுகைத்தான். தோள் லேசாக இறங்கினால் மூச்சு வாங்குகிறாள். கழுத்து விறைத்தால் வேகம் கூட்டப்போகிறாள். அப்புறம் நித்யஸ்ரீக்குக் கல்யாணம் ஆனது. கோமளா அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்குத் திரும்பினாள். அவள் படம் போட்டு வாசலில் கட்டிய பிளெக்ஸை மழைக்காலத்தில் துணிக்கட்டு மூட எடுத்துக்கொண்டார்கள். அதில்கூட அவளுக்கு வருத்தமில்லை. ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால் பேச ஆளில்லை, அதுதான் தாங்கவில்லை.

இப்போது கோச் ஈஸ்வரமூர்த்தி மறுபடி கூப்பிட்டிருக்கிறார். ஜோடியோடு வந்தால் மாநில அணியில் இடம். கோமளாவுக்கு முப்பது நெருங்குகிறது. இதை விட்டால் இனி இல்லை. கூப்பிட்ட நாளிலிருந்து தினமும் கம்பியில் தொங்கிப் பழகி, உள்ளங்கை மறுபடி காய்த்திருந்தது.

நித்யஸ்ரீ புகுந்த வீடு எண்ணெய் மில்லை ஒட்டி இருந்தது. களம் முழுக்கத் தேங்காய்ப் பருப்பு காய்ந்தது. மாமியார் விஜயகுமாரி வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க கண்ணு, மொதல்ல சாப்புடுங்க. பேச்சு எங்க ஓடியா போகுது."

நித்யஸ்ரீ எதிரே உட்கார்ந்து பரிமாறினாள். முகம் பூசினாற்போல் இருந்தது, சிரித்தது. அந்த முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக்குள்ள கோச்சுகிட்டப் பேர் சொல்லோணும்டி."

"ம்ம். கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்திக்க."

கிளம்பும்போது, "இரு, வந்தர்றேன்" என்று நித்யஸ்ரீ மில்லுக்குள் போனாள். கோமளா அந்த முதுகையே பார்த்தாள். யாரோ ஒருத்தியின் முதுகுபோல அது பாட்டுக்கு நடந்து போனது.

திரும்பி வந்தவள் ஒரு எண்ணெய்க் கேனை நீட்டினாள். "இப்பத்தான் ஆட்டுனது. கையப் பாரு, எப்படிக் காச்சுக் கெடக்குது. தெனமும் தேச்சு உடு, மெத்துனு ஆயிரும்."

கேலி செய்கிறாள் என்றுதான் கோமளா முதலில் நினைத்தாள். துடுப்புப் பிடிக்கிற யாரும் உள்ளங்கையில் எண்ணெய் தடவ மாட்டார்கள். காய்ப்பு இளகினால் தோல் கிழிந்துவிடும். ஒருமுறை கோமளா கிரீம் தடவிக்கொண்டு வந்தபோது, சோப்புப் போட்டுக் கழுவவைத்துத் திட்டியவளே இவள்தான். முகத்தில் கேலி இல்லை. மறந்தே போய்விட்டாள்.

"சரிடி" என்று கோமளா வாங்கிக்கொண்டாள்.

திருப்பூரில் இறங்கி, பல்லடம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கோச்சுக்குப் போன் செய்தாள்.

"சார், எம்பேர ஒத்தப் படகுல போட்டுக்கங்க."

"ஒத்தையில உனக்குப் பழக்கமில்லியேம்மா."

"பழகிக்கறனுங்க."

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா, "குடு கண்ணு, மடியில வெச்சுக்கறேன்" என்று கேனை வாங்கிக்கொண்டார். அருள்புரம் வந்தது. கோமளா திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். பஸ் நகர்ந்தபோது அந்த அம்மா ஜன்னல் வழியே கேனைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டே போனார்.