சுவரோரம் நகர்ந்த பெட்டி

நெட்காரர் துணி அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இவ்ளோ பெரிய வீட்டுல, வைஃபை பெட்டியக் கொண்டுவந்து இந்த மூலையில யாரு சார் வெச்சது?"

"நீங்கதான். ஆனா நடுக்கூடத்துல வெச்சீங்க" என்றார் வீட்டுக்காரர். முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவர். ஒரு பொருள் இருந்த இடம் அவருக்கு மறக்காது.

அவர் மனைவி பெரியவள் அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தாள். "தூசி தட்டறப்ப நகர்ந்திருக்கும்" என்றாள்.

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. தூசி தட்டும்போதுதான் நகர்ந்தது. வாரத்துக்கு ஒரு சாண் வீதம், அவள் கையால், குறுக்குச் சுவரைப் பார்த்து நகர்ந்தது.

அந்தச் சுவர் எழும்பி நாலு வருஷம் ஆகிறது. மாமனாரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று சர்வேயரும் அவர் தம்பியும் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டார்கள். விடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். உன்னால்தான் என்று இவர் அவரைச் சொல்ல, அவர் இவரைச் சொல்ல, கடைசியில் கூடத்துக்கு நடுவே சுவர் வந்தது. கோடு போட்டு அளந்து கொடுத்தது சர்வேயரேதான். அதில் ஓர் அங்குலம் பிசகில்லை. தம்பி வீட்டுக்கு வாசல் பின்தெருவில் என்று ஆயிற்று. அவர் மனைவி சின்னவளும் அந்தப் பக்கம் போனாள்.

ஓரகத்திகள் இருவருக்கும் எந்தச் சண்டையும் இல்லை. போகாதே என்று பெரியவளை யாரும் தடுக்கவில்லை. போயிட்டு வா என்றும் யாரும் சொல்லவில்லை. இவளாகவே போகாமல் இருந்துவிட்டாள். சின்னவள் போனில் உள்ளறையில் சிக்னல் எடுக்காது. வாசலுக்கு வந்துதான் பேச வேண்டும். வாசலில் கொழுந்தனார் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் ஒரு நாள் மருந்துக் கடையில் தற்செயலாகப் பார்த்தபோது, பெரியவள் தன் வீட்டு நெட்டின் பாஸ்வேர்டைச் சின்னவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் மூணு மணிக்கு வீடியோவில் சின்னவள் வருவாள். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள். இவள் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துக் காய் நறுக்குவாள், அவள் துணி மடிப்பாள். இருவருக்கும் நடுவே இருபதடி தூரமும் ஒரு சுவரும். சில நாள் சின்னவள் தும்மினால் போனில் ஒரு தரமும் சுவர் வழியாக ஒரு தரமும் கேட்கும். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பெட்டி நகர நகர அங்கே படம் தெளிந்தது, இங்கே மாடியில் சர்வேயருக்குத்தான் பாடு. ஓய்வுக்குப் பிறகும் அவர் ஒரு கம்பெனிக்கு வரைபடம் சரிபார்த்துக் கொடுக்கிறார். மீட்டிங்கில் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி உறைந்துபோவார். மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்தால்தான் பேச்சு போகும் என்று கண்டுபிடித்து, மடியில் கம்ப்யூட்டரோடு அங்கேயே குடியிருந்தார். நேற்று பொறுமை போய்விட்டது. "மூலை முடுக்கெல்லாம் வரணும்" என்று நெட்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

கூப்பிட்ட ஆள் இன்றைக்கா வர வேண்டும்? சின்னவளுக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். "இன்னைக்கு ரிப்போர்ட் வந்துரும்க்கா. மூணு மணிக்கு ஒங்கிட்ட சொல்லிட்டுதான் அழுவறதா சிரிக்கறதான்னு முடிவு பண்ணுவேன்" என்று சொல்லியிருந்தாள்.

நெட்காரர் போனைக் கையில் பிடித்து அறை அறையாக நடந்தார். ஒவ்வோர் அறையிலும் எத்தனை சிக்னல் கோடு என்று அவர் சொல்ல, பின்னாலேயே சர்வேயர் நோட்டில் குறித்துக்கொண்டார். குளியலறையைக்கூட விடவில்லை. கூடத்து நடுவில் ஒன்று, மாடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று மூன்று பெட்டிகள் வைப்பதாக முடிவாயிற்று.

வேலை முடிந்தபோது மணி இரண்டரை. நெட்காரர் தன் போனில் ஒரு பட்டியலைக் காட்டினார்.

"பழைய பெட்டியில ஏழு கனெக்ஷன் இருக்கு சார். ஆறு உங்களுது. இந்த ஒண்ணு யாருதுன்னு தெரியல. தினமும் மூணு மணிக்கு வருது. ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போயிடுது."

"எத்தனை நாளா?"

"பதினாலு மாசமா."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றினார். குறுக்குச் சுவரைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார். நான்தான் கொடுத்தேன் என்று பெரியவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. இரண்டே சொற்கள்தான். அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசாப் போடுங்க" என்றார் அவர். பாஸ்வேர்டாக ஓர் எண்ணைச் சொன்னார். நெட்காரர் அதைப் பெரியவள் போனிலும் போட்டுக் கொடுத்தார். ஒரு சீட்டிலும் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

மூணு மணி. சர்க்கரை டப்பாவில் சாய்த்த போனில் கோடுகள் நிறைந்து நின்றன, அழைப்பு வரவில்லை. மூணே கால். இவளே கூப்பிட்டுப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு குரல். சுவரில் காதை வைத்தாள். தும்மல், பேச்சு, ஒன்றும் கேட்கவில்லை. மாடியில் மட்டும் அவர் குரல் தடையில்லாமல் மீட்டிங்கில் கணீரென்று ஓடியது.

அவளுக்கு அவர்மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பி அவள்மேலேயே விழுந்தது. பெட்டியை நகர்த்திய கைக்கு, காலை நகர்த்தத் தோன்றவில்லையே. தெருமுனை சுற்றினால் இருநூறு தப்படி. சுவர் தாண்டிப் போவதற்கு நெட் இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டாள். இந்த வீட்டுக்கும் நல்லவள், அந்த வீட்டுக்கும் நல்லவள். அங்கே ஒருத்தி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போனில் சுற்றிச் சுற்றி வரும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

சீட்டை எடுத்துக்கொண்டாள். வீட்டுச் செருப்பையே மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கேட்டைத் திறந்தாள். கேட் எப்போதும்போல் ஊருக்கே கேட்கும்படி கிறீச்சிட்டது.

மாடியில் மீட்டிங் குரல் நின்றது. அவர் பால்கனிக்கு வந்தார்.

"எங்க?"

"சின்னவ வீட்டுக்கு." சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று தெரிந்தது.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சண்டைக்கு வருவாரா, உள்ளே போய்விடுவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் திரும்புவதில்லை என்று நடந்தாள். நாலைந்து தப்படி வைத்திருப்பாள்.

"சீட்டெல்லாம் எதுக்கு?" என்றார் பின்னாலிருந்து. "பாஸ்வேர்டு, வீட்டப் பிரிக்கறதுக்கு முன்னாடி இருந்த சர்வே நம்பர்தான். தம்பிக்கு மனப்பாடம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள், இப்போது அதற்கு நேரமில்லை. தெருமுனையில் போனிலிருந்து கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து மறைந்தன. பின்தெருவில் திரும்பி, மூடிய கடையைத் தாண்டி, நாலு வருஷமாக அவள் பார்க்காத பச்சைக் கதவின் முன் வந்து நின்றாள். வாசல் நாற்காலியில் கொழுந்தனார் இல்லை. மடிக்காத பேப்பர் மட்டும் கிடந்தது.

மணியை அழுத்தினாள். உள்ளே செருப்புச் சத்தம் மெதுவாக வந்தது. கையிலிருந்த போனில், தன் வீட்டுப் பின்கட்டுப் பெட்டியிலிருந்து, ஒரே ஒரு கோடு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது.