மூன்றாம் ஓலையை ஒட்டியவன்

1

இந்தக் கதை என் தூக்கத்தில் பிறந்தது. 2004இல், அகரம் பக்கத்து எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசையைக் கேபிள் டிவியில் ஒளிபரப்பியவன் நான், ரொனால்டு. கோயிலுக்கு வர முடியாதவர்களுக்காக ஆரம்பித்தது. மூலதனம்: யாரோ கொடுத்த பழைய கைக்கேமரா, ஒரு கணினி, கேபிள்காரரின் பெருந்தன்மை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அந்த ஞாயிறு ஒரு எலி கேமரா வயரைக் கடித்து—

(எலி இல்லை. நான் எழுந்தது தாமதம். போன வாரத்துச் சிடியை 'நேரலை' என்று எழுதி ஓடவிட்டேன்.)

2

எங்கள் கத்தோலிக்கர்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மணமக்கள் பெயரை வாசிப்பார். அதுதான் ஓலை. சகாயசெல்விக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவதற்கு முந்தின நாள் அவளே போய் நிறுத்தச் சொல்லிவிட்டாள். படுக்கையில் கிடக்கும் அவள் அம்மா ஆனந்தமேரியை ஏதாவது இல்லத்தில் சேர்க்கச் சொன்னாராம் சின்னாளப்பட்டி மாப்பிள்ளை.

[மாப்பிள்ளையைக் கொடுமைக்காரனாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. நல்ல பையன். அடித்துவிட்டேன்.]

அம்மாவிடம் "மூணாவது ஓலையும் வாசிச்சாச்சு" என்று சொல்லிவிட்டாள். அந்த ஞாயிறுதான் நான் தூங்கிப்போனது; அம்மா பார்த்த டிவியில் ஓடியதோ போன வாரத்து இரண்டாவது.

3

"அண்ணே, 'மூணாவத என் காதால கேக்கணும், சிடி வாங்கிட்டு வா'ங்குது அம்மா" என்று வந்து நின்றாள் செல்வி.

"உண்மையச் சொல்லிற வேண்டியதுதானம்மா?"

"தன்னாலதான் கல்யாணம் நின்னுச்சுன்னு தெரிஞ்சா அதுக்குச் சோறு தண்ணி எறங்காது. ரெண்ட மூணாக்கிக் குடுங்க. பெறகு மாப்பிள்ளைக்குத் துபாய்ல வேல வந்துருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

தூங்கியது நான். ஒத்துக்கொண்டேன்.

4

ஐந்து நிமிட வேலை. வேறொரு ஜோடிக்கு வாசித்த பழைய பதிவிலிருந்து 'மூன்றாம்' என்ற ஒரு சொல்லை வெட்டி ஒட்டினேன். மென்பொருள் இலவசம். அப்போது பெருமையாக இருந்தது. இப்போது எழுதக் கூசுகிறது.

மறுநாள் அவர்கள் வீட்டில் ஓலைப் பகுதியை மட்டும் போட்டேன். செல்வி பால் வாங்கப் போயிருந்தாள். ஆனந்தமேரி கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னொரு தடவ போடு அப்பு."

போட்டேன்.

"சாமிக்கு அன்னைக்குச் சளி. பேரெல்லாம் மூக்கால வாசிக்கிறாரு. 'மூன்றாம்'ங்கிறதுக்கு மட்டும் மூக்கு தெறந்துருச்சாக்கும்?"

வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருப்பவரின் காதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"எனக்காகத்தான நிறுத்திட்டா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் அழுதார். சத்தமில்லாமல், செத்த நேரம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் நம்பிட்டேன்னு அவகிட்டச் சொல்லு. புள்ள நிம்மதியாத் தூங்கட்டும்."

5

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (பங்குத் திருவிழா நாடகத்துக்கு ஆகும்.)

முடிவு ஆ: சொன்னபடி சொல்கிறேன். ஒரே அறையில் இருவரும் கடைசிவரை ஒருவருக்காக ஒருவர் நடிக்கிறார்கள். நடுவில் நான், இரண்டு பக்கமும் தெரிந்தவனாக—

முடிவு இ எழுத உட்கார்ந்தேன். அதற்குள் செல்வி வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் பால் தூக்குச்சட்டி.

"அம்மா நம்புச்சாண்ணே?"

இவர்கள் வீட்டு விஷயத்தில் இரண்டு முறை தவறான பொத்தானை அழுத்தியவன் நான். இம்முறை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவள் உள்ளே போகப் பார்க்கிறாள்.