மூன்றாம் மாடிக்கு வந்த களை

என் வரைபடத்தைச் சந்தேகப்படுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. காற்றும் வாய்க்காலும் போகிற திசையைக் கணினியில் போட்டு, நீர்க்களை அடுத்து எந்தக் குளத்தில் பரவும் என்று சொல்வதுதான் என் வேலை. பெரும்பாலும் சரியாகவே சொல்லிவந்தேன். ஆனால் வாய்க்காலே இல்லாத மூன்று குளங்களில் அந்தச் சனியன் புதிதாக முளைத்துத் தொலைத்தது.

"எப்படி வருதுன்னே தெரியலன்னா, பெரிய ஏரியில முன்கூட்டியே மருந்தடிச்சிட வேண்டியதுதான். நாளைக்குக் கூட்டத்துல முடிவு பண்ணிடுவோம்," என்றார் எங்கள் அலுவலகப் பொறியாளர்.

மருந்தடித்தால் மீனும் போகும். பெரிய ஏரியில் வலை போட்டுத்தான் என் அண்ணன் குடும்பம் நடத்துகிறான்.

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், பால்கனியில் என் வீட்டுக்காரர் மீன் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். விரல் நுனியில் ஒரு பச்சை இலையை ஒட்டிக்கொண்டு வந்து காட்டினார். "உன் செல்லப்பிள்ளை இங்கயும் வந்தாச்சு, பாரு."

"நானே நொந்துபோய் வர்றேன், கிண்டலா?"

"ஐயோ, சத்தியமா தொட்டியிலதான் மிதந்துச்சு!"

வாங்கிப் பார்த்தேன். அதேதான். மூன்றாம் மாடிக்கு எந்த வாய்க்கால் வருகிறது? அண்ணாந்து பார்த்தேன். தொட்டிக்கு நேர் மேலே என் ரப்பர் பூட்ஸ் தொங்கியது. வீட்டுத் தரை நனையக் கூடாதென்று அவர்தான் அங்கே மாட்டுவார். பூட்ஸின் அடிப்பள்ளங்களில் இன்னும் இரண்டு இலைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் ஆய்வுக்குப் போய் இறங்கும்வரை அந்த மூன்று குளங்களும் சுத்தமாகத்தான் இருந்தன. காலையில் களை மண்டிய குளம், மதியம் அதே பூட்ஸோடு அடுத்த குளம். காற்றைக் கணக்கில் சேர்த்தவள் என் காலைச் சேர்க்கவில்லை. அடுத்த வாரம் இறங்க வேண்டியது பெரிய ஏரியில்.

"வெளிய சொன்னா என் மானம் போயிடும்," என்றேன்.

"சொல்லலன்னா உங்க அண்ணன் ஏரி போயிடும்," என்றார் அவர்.

மறுநாள் கூட்டத்தில் எங்கள் வீட்டின் மேல் சிவப்புப் புள்ளி வைத்த வரைபடத்தைத் திரையில் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பொறியாளர் மட்டும் சிரிக்காமல் மேசைக்கடியில் தன் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். அவரும் எங்களோடு இறங்கியவர்தானே! மருந்து வேண்டாம் என்று முடிவானது. மூன்று குளத்துக் களையையும் கையாலேயே அள்ளிவிட வேண்டும், இனிமேல் பூட்ஸை வெந்நீரில் கழுவாமல் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

அடுத்த வாரம் பெரிய ஏரிக்குப் போனேன். அண்ணன் கரையில் வெந்நீர் அண்டாவோடு தயாராக நின்றான்.

"வாங்க ஆராய்ச்சி மேடம். பூட்ஸைக் கழட்டுங்க."

"வீட்டுலயே கழுவிட்டேண்ணா."

"உன் கழுவலை நம்பினா நான் தெருவுலதான் நிக்கணும். கழட்டு."

வாங்கி வெந்நீரில் முக்கி, பழைய பல் பிரஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்தான். திருப்பிக் கொடுக்கும்போது, "எல்லார் முன்னாடியும் சொன்னியாமே," என்றான், முகத்தைப் பார்க்காமல். "சின்ன வயசுல நீ ஒரு தட்டை உடைச்சாலே என் மேலதான பழி போடுவ!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பூட்ஸ் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அதை மாட்டிக்கொண்டு, ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லாத அவன் ஏரியில் இறங்கினேன்.