நானூறு கையெழுத்து

பகலில் சாயப்பட்டறை முதலாளிகள் சங்கத்தில் மனு எழுதுவாள் நந்திதா. மாலையில் கோவையில் எம்.ஏ. படிப்பாள். அவள் மனுப் போட்டால் ஆனைமலையே எழுந்து அடுத்த தாலுக்காவில் போய் உட்காரும் என்பார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே அரசிடம் வாதாடும் தொழிலுக்குப் படிப்பவர்களுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. அது கிடைக்காவிட்டால் அவள் படிப்பு நின்றுவிடும். ஜெயித்த மனு ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். வெள்ளகோவில் பக்கத்தில் தன் சொந்த ஊர் ஓடையில் சாயத்தண்ணீர் விட அனுமதி வாங்கிய மனுவைக் காட்டினாள். அடியில் நானூறு விவசாயிகளின் கையெழுத்து. வாங்கித் தந்தவர் அப்பா ஆறுச்சாமி. மகள் எழுதியதைப் படித்துப் பார்ப்பது மரியாதை இல்லையென்று அவரும் படிக்கவில்லை, ஊரும் படிக்கவில்லை.

"விவசாயிகளே சம்மதிச்சாங்களா? படிச்சுட்டா போட்டாங்க?" தேர்வுக்குழுத் தலைவர் திறந்த வாயில் ஒரு லாரி நுழையலாம்.

"ஆமாங்க சார்," என்றாள். உதவித்தொகை கிடைத்தது.

மறுநாள் அப்பா போனில் அழைத்தார்.

"கண்ணு, கெணத்துத் தண்ணி செகப்பாப் போச்சு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. ஆபீஸ்ல கேட்டா என்ற கையெழுத்தையே எடுத்துக் காட்றாங்க. நீ நல்லதா ஒரு மனு எழுதி அனுப்பு, அம்மணி. படிக்கக்கூட மாட்டோம், அப்படியே போட்டர்றோம்."