இலவச அறையில் மூன்றாமவர்

ஸ்வப்னா மேடம் வைத்த நிபந்தனைகள் அதிகமில்லை. மென்பொருள் காசு கேட்கக் கூடாது. பேச்சு நடுவில் அறுந்து போகக் கூடாது. ஆபீசில் இருக்கும் எல்லோரும், போனில் ஒரு போட்டோ அனுப்பவே திணறுகிற கணக்குப் பிரிவு குப்தாஜி உட்பட, யார் உதவியும் இல்லாமல் உள்ளே வந்துவிட வேண்டும்.

பள்ளிகளுக்குப் பாட வீடியோ தயாரிக்கும் சின்ன நிறுவனம் அது. குர்காவ் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். மீட்டிங்குகளுக்கு நல்ல இலவச மென்பொருளாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை உமாமகேஸ்வரிக்கு வந்தது. சோதித்துப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். பிரதீப்பைக் கேட்டாள். அந்த இன்னொரு ஆள் பிரதீப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை. அது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

முதல் மென்பொருள் நாற்பது நிமிஷத்தில் கதவைச் சாத்திவிட்டது. "உமா, நாம ரெண்டு பேரும்..." என்று பிரதீப் ஆரம்பித்த இடத்தில் திரை கறுத்தது. மறுபடி உள்ளே வந்தவன், "இதை ரிஜக்ட் பண்ணிடு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு ஒரு மனுஷன் கேட்டு முடிக்கறதுக்குள்ள விரட்டுது," என்றான். அவன் அவளைக் கேட்டது அப்படித்தான். உமா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கேமராவை அணைத்துவிட்டு அழுதாள்.

இரண்டாவது மென்பொருள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கணக்குத் தொடங்கச் சொன்னது. குப்தாஜியால் ஆகாது. ஆனால் அதைச் சோதித்த மத்தியானம்தான் அவள் பிரதீப்பிடம் சரி என்றாள்.

சரி என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

உமாவின் கணவன் சந்திரசேகர் கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டான். மானசா அப்போது கைக்குழந்தை. அதற்குப் பிறகும் உமா தில்லியில் இந்த துவாரகா ஃபிளாட்டில் மாமனார் மாமியாரோடுதான் இருக்கிறாள். யாரும் அவளை இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாமனார் வாசுதேவன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். உமா அம்மா என்றே கூப்பிடும் மாமியார் ருக்மிணி காலையில் முதல் காப்பியை உமாவுக்குத்தான் கொடுப்பாள். இருவரும் நல்லவர்கள். அதனால்தான் பயம் இன்னும் அதிகமாக இருந்தது. நல்லவர்களிடம் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறவும் முடியாது.

ருக்மிணி ஒரு தடவை சொன்ன வார்த்தை ஒன்று இருந்தது. சொந்தத்தில் ஒரு பெண், கணவன் இறந்தபின் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். செய்தி வந்தபோது ருக்மிணி கீரை ஆய்ந்துகொண்டே, "அவ தாராளமா போகட்டும். குழந்தையை விட்டுட்டுப் போகட்டும். அது அந்தாத்துக் குழந்தை," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரேஷன் கடை எந்த நாள் திறக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

உமா அதை மறக்கவே இல்லை.

மூன்றாவது மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஒத்து வந்தது. நேரக் கட்டுப்பாடு இல்லை. மற்றவர்கள் கணக்குத் தொடங்க வேண்டாம். லிங்க்கைத் தொட்டால் நேராக அறைக்குள். குப்தாஜிக்குப் பதிலாக மாமனாரை வைத்துச் சோதித்தாள். முதலில் அவர் வெளியே மாட்டிக்கொண்டார். உள்ளே இருப்பவர் அனுமதித்தால்தான் விடும் வசதி ஒன்று அதில் இருந்தது.

"என்னம்மா, என்னை வாசல்லேயே நிக்க வெச்சிருக்கே? மந்திரி ஆபீஸா இது?" என்று ஹாலிலிருந்து சத்தம் போட்டார்.

உமா சிரித்துக்கொண்டே அந்த வசதியை அணைத்து வைத்தாள். அவர் டேப்லெட்டோடு உள்ளே வந்து, தன் முகத்தைத் தானே பார்த்து மகிழ்ந்து, "பஹுத் அச்சா! எங்க பென்ஷனர் சங்கத்துக்கும் இதையே வெச்சுக்கலாமே," என்றார். லோதி ரோடு, கோல் மார்க்கெட் என்று சர்க்கார் குடியிருப்புகளில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்துவிட்டு இப்போது ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தமிழ்க்காரர்களின் சங்கம். இலவசத்தில் ஒருவருக்கு ஒரே அறைதான். அவர்கள் கூட்டம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. தானும் பிரதீப்பும் பேசுவதோ மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. இடையில் எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று நினைத்து அதே லிங்க்கை அவருக்கும் கொடுத்தாள்.

முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள் ஒரு கூட்டத்துக்கு எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பனிமூட்டம் மத்தியானம் வரைக்கும் விலகவில்லை. தரையிறங்கும் விமானங்களின் சத்தம் மட்டும் தலைக்குமேல் கேட்டது. உமா தன் அறைக் கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, காதில் இயர்போனோடு உட்கார்ந்தாள். திரை முழுக்க பிரதீப்பின் முகம்.

"சண்டே அம்மாவைக் கூட்டிட்டு வரவா?" என்றான். "எவ்ளோ நாள்தான் ஸாஃப்ட்வேர் டெஸ்ட் பண்றோம்னு சொல்லிட்டு இருக்கறது? ஸ்வப்னா மேடமே சந்தேகப்படறாங்க."

"வேண்டாம். இன்னும் சொல்லலை."

"எப்போ சொல்லப் போறே?"

"தெரியலை. எனக்கு பயமா இருக்கு பிரதீப். இந்த ஆத்திலே நான் யாருன்னே சில நாள் தெரியலை. மருமகளா, பொண்ணா, பேயிங் கெஸ்ட்டா? அம்மா கையால காப்பி வாங்கிக் குடிக்கறப்போ தொண்டையிலே இறங்க மாட்டேங்கறது. நான் போறேன்னு சொன்னா மானுவை விட்டுட்டுப் போன்னு சொல்லிடுவா."

"சொன்னா? அது உன் குழந்தை உமா. சட்டம்..."

"சட்டம் எனக்கும் தெரியும். அவா முகத்தைப் பார்த்துத்தான் என்னால பேச முடியாது." அவள் குரல் தாழ்ந்தது. "ஒருநாள் பேசாம ஸ்கூல்லேர்ந்தே மானுவைக் கூட்டிண்டு நேரா உன் ஆத்துக்கு வந்துடலாமான்னு கூடத் தோணறது. அப்புறம் போன்லே சொல்லிக்கலாம்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான் திரையின் மேல் ஓரத்தில் இருந்த சிறிய எண் கண்ணில் பட்டது. மூன்று.

தப்பாகக் காட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். விரல் தானாகப் போய் அதைத் தொட்டது. பெயர்கள் விரிந்தன. உமா. பிரதீப். அதற்கும் கீழே, அவளே அடித்துக் கொடுத்த பெயர்: வாசுதேவன், செக்‌ஷன் ஆபீசர் (ஓய்வு). கேமரா இல்லை, மைக் இல்லை. வெறும் கறுப்புக் கட்டம்.

எப்போதிலிருந்து?

லேப்டாப்பை அறைந்து மூடினாள். இயர்போனைப் பிடுங்கினாள். வீடு அமைதியாக இருந்தது. பேயிங் கெஸ்ட் என்று சொன்னோமே. அதற்கு முன்னால் என்ன சொன்னோம்? ஸ்கூல்... ஸ்கூல் என்று சொன்னோமே. அவள் பின்னோக்கிப் பின்னோக்கி ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் போனாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசமாக இருந்தது.

அப்போது சாத்தியிருந்த கதவுக்கு வெளியே, ஹாலில், பிரதீப்பின் குரல் உரக்கக் கேட்டது.

"உமா? ஹலோ? இருக்கியா? நெட் போயிடுச்சா? நீ பயப்படாதே. எதுவானாலும் மானுவை நான் என் பொண்ணு மாதிரி..."

உமா போனை எடுத்து அழைத்தாள். விரல் இரண்டு தடவை வேறு பெயரில் பட்டது. "கட் பண்ணு," என்றாள் மூச்சு மட்டுமாக. "உடனே கட் பண்ணு. நீ பேசறது ஹால்லே கேக்கறது."

ஹால் அமைதியானது.

சாப்பாட்டு அறைக்கு அந்தப் பக்கம், மாமனாரின் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. உமா அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். அவர் தூங்குகிறார். அப்படியென்றால் டேப்லெட் பக்கத்தில் இருப்பது யார் என்பதில் சந்தேகமில்லை. மானசா ஸ்கூலில். வீட்டில் இருப்பது இன்னும் ஒருத்தர்தான்.

கதவைத் திறப்பதற்கு அவள் கை வரவில்லை. திறக்காமல் எத்தனை நேரம் இருக்க முடியும்? திறந்தாள்.

ருக்மிணி சாப்பாட்டு மேஜையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த டேப்லெட். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாப்பிட்ட கையோட அவர் இதைப் போட்டு வெச்சுட்டுத் தூங்கப் போயிட்டார்," என்றாள். "பஸ்ஸிலே துண்டு போட்டு இடம் பிடிக்கற மாதிரி. நாலு மணிக்குக் கூட்டம்னா மூணே முக்காலுக்கு எழுப்புன்னார். 'நீ பக்கத்திலே இருந்து பார்த்துக்கோ ருக்கு, இடம் போயிடப் போறது'ன்னார்."

"அம்மா... எப்போலேர்ந்து..."

"அந்தப் பையன் வணக்கம் சொன்னதிலேர்ந்து."

உமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எதை அமுக்கினா நிக்கும்னு எனக்குத் தெரியாது," என்றாள் ருக்மிணி. "ஆனா எழுந்து போயிருக்கலாம். சமையலறை பத்தடியிலே இருக்கு. போகலை."

பட்டாணிகள் பாத்திரத்தில் விழும் சத்தம். உமா அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். விட்டுட்டுப் போ. அது வந்தால் என்ன பதில் சொல்வது என்று எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

ருக்மிணி கையிலிருந்த பட்டாணியை உரிக்காமல் அப்படியே பிடித்திருந்தாள்.

"உமா. மானு இன்னிக்கு பஸ்லே வருவாளோன்னோ?"

கேள்வி முதலில் புரியவில்லை. புரிந்ததும் உமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வருவாம்மா. வருவா. நான் அப்படிச் செய்யவே மாட்டேன். ஏதோ பயத்திலே வாயிலே வந்தது."

"எனக்கு உயிரே இல்லை. கடியாரத்தையே பார்த்துண்டிருக்கேன்." ருக்மிணி முகத்தைச் சால்வையால் துடைத்தாள். "பேயிங் கெஸ்ட்டாமே! எந்தப் பேயிங் கெஸ்ட்டுக்குடீ நான் விடியக்காலம்பற எழுந்து டிகாக்‌ஷன் போட்டேன்?"

"தப்பும்மா..."

"தப்புன்னு சொல்லாதே. உனக்கு அப்படித் தோணியிருக்கு. தோணாம எப்படி வாயிலே வரும்?"

ஒரு விமானம் மிகத் தாழ்வாகப் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"குழந்தையை விட்டுட்டுப் போன்னு சொல்வேன்னு ஏன் நினைச்சே?"

"நீங்க சொன்னேள். அந்தப் பொண்ணைப் பத்தி. கீரை ஆயறப்போ."

ருக்மிணிக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்ததும் அவள் இல்லை என்று சொல்லவில்லை. "சொன்னேன்," என்றாள். "அந்தப் பையன் பேசப் பேச இப்பவும் எனக்கு அதேதான் தோணித்து. சந்துரு போயிட்டான், இதையும் குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்னு தோணித்து. குழந்தையைக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்தது. உனக்கு மட்டும்தான் பயம்னு நினைச்சுண்டியா?"

உமா நகர்ந்து போய் அவள் முழங்காலில் கை வைத்தாள். ருக்மிணி அந்தக் கையைத் தள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மானு வந்துடணும், திங்கள் காலம்பற இங்கேர்ந்துதான் ஸ்கூலுக்குப் போகணும்," என்றாள், உத்தரவும் கெஞ்சலும் கலந்த ஒரு குரலில். "பரீட்சை, கிரீட்சைன்னு சாக்கு சொல்லப்படாது."

"சொல்ல மாட்டேன்."

"பாட்டி, தாத்தான்னுதான் கூப்பிடணும். இப்பவே பாதி ஹிந்தியிலே பேசறது. அங்கே போய் தாதி, தாதான்னு ஆரம்பிச்சுடப் போறது."

"அவாளும் தமிழ்க்காராதாம்மா. திருநெல்வேலி."

"கேட்டேன், கேட்டேன். 'கூட்டிட்டு வரவா'ங்கறானே." சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து பாதியிலே நின்றுவிட்டது. "அவர்கிட்டே நீதான் சொல்லணும். எனக்கு தைரியம் கிடையாது. பக்கத்திலே நிக்கறேன், அவ்வளவுதான்."

டேப்லெட் டிங் என்றது. வழுக்கைத் தலை ஒன்று திரையில் பாதி தெரிந்தது. "வாசுதேவன் சார்! இராஜமாணிக்கம் பேசறேன், கோல் மார்க்கெட். நான்தான் ஃபர்ஸ்ட்டா?"

இன்னும் கொஞ்சம் முன்னால் இவர் வந்திருந்தால் எல்லாவற்றையும் கேட்டிருப்பார் என்று உமா நினைத்தாள். எட்டி டேப்லெட்டை அணைத்தாள். இந்த மென்பொருள் வேண்டாம் என்று ஸ்வப்னா மேடத்துக்கு எழுத வேண்டும். கதவைத் தட்டிக் கேட்டு உள்ளே வருகிற மாதிரி ஒன்றுதான் வேண்டும். குப்தாஜி இரண்டு நிமிஷம் வெளியே நிற்கட்டும்.

சத்தத்தில் வாசுதேவன் விழித்துவிட்டார். மங்கி கேப் நெற்றிக்கு ஏறியிருக்க, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "என்ன, இடம் போயிடுத்தா?"

"இடம் இருக்கு. உக்காருங்கோ," என்றாள் ருக்மிணி. "உமா ஏதோ சொல்லணுமாம்."

உமா சொன்னாள். முதல் வாக்கியத்துக்கு நாக்கு புரளவே இல்லை. பிரதீப் என்று பெயரைச் சொன்னபின் மற்றதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. வாசுதேவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதன் விளிம்பை நீவிக்கொண்டே இருந்தார். முடித்தபிறகும் நீவிக்கொண்டிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்," என்றார் கடைசியில். "எனக்குக் கொஞ்ச நாள் வேணும்."

"சரிப்பா."

அவர் உமாவைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். "குழந்தை?"

இந்தப் பதில் தன்னுடையது இல்லை என்று உமாவுக்குத் தெரிந்தது. ருக்மிணி எதிர்ச் சுவரைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"அம்மாவோடதான் இருக்கும்," என்றாள். "வேறே எங்கே இருக்கும்?"

கீழே கேட்டிலிருந்து காவல்காரர் இன்டர்காமில் அழைத்தார். ஸ்கூல் பஸ் வந்துவிட்டது. தினமும் இறங்கிப் போய்க் கூட்டிக்கொண்டு வருவது உமாதான். எழுந்தவள், செருப்பை மாட்டப் போனவள், நின்றாள்.

"நீங்க போய்க் கூட்டிண்டு வாங்கோம்மா," என்றாள்.

ருக்மிணி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சால்வை நழுவி விழுந்ததைக்கூட எடுக்காமல், லிஃப்டுக்குக் காத்திராமல், படிகளில் வேகமாக இறங்கினாள்.